ஊர் கூடி எழுதும் கைந்நூல்

உலகெங்கும் சர்வர்களை இயக்கிவரும் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமை, 1993-ஆம் ஆண்டு தோன்றிய நாள்தொட்டு, தன் மூல நிரலை யாவரும் வாசிக்கவும் திருத்தவும் இடந்தருவது பிரசித்தம். ஆனால் அதன் உபயோகத்தை விளக்கும் ‘ஹேண்ட்புக்’ என்ற பெருநூலும் அவ்வாறே பல தேசத்துத் தொண்டர்களின் கூட்டு முயற்சியால் வளர்ந்து வருவதைக் கவனிப்போர் சிலரே. திருத்தம் அனுப்புவது எவருக்கும் சாத்தியம். அதைப் பரிசீலித்து மூலப் பிரதியில் சேர்க்கும் அதிகாரமோ, உழைப்பால் நம்பிக்கை பெற்றவர்களுக்கே உரியது.

ஒரு வரியில் ஒரு வாக்கியமே எழுத வேண்டும் என்பது இவர்களுடைய நியமம். அற்பமாகத் தோன்றும் இவ்விதியின் சூட்சுமம் யாதெனில், யாரேனும் ஒரு சொல்லை மாற்றினால், பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டி மலைக்க வைக்காமல், அந்த ஒரு வாக்கியம் மட்டுமே பரிசோதகர் கண்ணில் படும் என்பதே. ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டால் ‘இகோர்’ என்ற சிறு நிரல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நம் பதிப்பகங்களுக்கும் அப்படியொன்று வாய்த்தால் தேவலை!

கட்டளைகளை விளக்கும் ‘மேன்’ பக்கங்களில் கண்டிப்பு இன்னும் அதிகம். ஒவ்வொரு பக்கமும் ஒரு தேதியைத் தாங்கி நிற்கிறது. விஷயம் மாறினால் அதையும் மாற்றியாக வேண்டும், வெறும் எழுத்துப்பிழையைத் திருத்தியவர் அதைத் தொடலாகாது.