தப்பொலிக்கு முன்

அரசனைத் துயிலெழுப்பிப் பாடுதலைத் தொல்காப்பியர் துயிலெடை நிலை என்றார். இறைவனைத் துயிலெழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினர். தமிழ்க் கிறித்தவரின் காலைத் துதி சற்றே வேறானது. இறைவன் உறங்காதவன் என்பது 121ஆம் சங்கீதத்தின் கருத்து. ஆதலின் ஈண்டு எழுப்பப்படுவது பாடுவோன் நெஞ்சமே.

பதுளைத் தோட்டங்களின் பழைய வாழ்வை அறிந்தார்க்கு இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும். அங்கே தொழிலாளியை எழுப்பியது தப்பொலி. இருள் பிரியுமுன் அது முழங்கும். பனியில் நடுங்கியவாறு ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தல் வேண்டும். அதன்பின் மாலைவரை அந்நாள் கங்காணிக்கு உரியது.

1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் (தொழிலாளி என்னும் சொல்லுக்கு அந்நாளில் அத்துணைப் பஞ்சம்!) திருநெல்வேலி உபதேசிமாரை மலைநாட்டிற்கு அழைத்து வந்தது. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த கீர்த்தனை மரபு தமிழகத்துச் சபைகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பதுளை நகரில் 1857இல் எழுந்த தூய மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. தொழிலாளிக்கோ லயத்து அறையே ஆலயம். அடுப்பு மூட்டுமுன், உறங்கும் குழந்தைகளுக்கு நடுவே, பாயில் முழந்தாளிட்டுத் தாழ்ந்த குரலில் ஒரு கீர்த்தனை. கண்விழித்தமைக்கு ஒரு நன்றி.

நன்றி கூற அங்கே என்னதான் இருந்தது என வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அந்நன்றி தோட்டத்திற்கோ துரைக்கோ கூறியதன்று. கங்காணி எடுத்துக்கொள்ளுமுன், அந்த நாளைத் தந்தவனிடமிருந்து அவர்கள் நேரே பெற்றுக்கொண்டார்கள்.