கொக்குக்கு முழங்கால் எங்கே இருக்கு?

போன வருஷம் ஒரு கொக்கு வரைஞ்சு ஸ்டேட்டஸ் போட்டேன். "செம மச்சி" என்று வரிசையாக ரிப்ளை வந்தது. அதே ஜோரில் ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணாவிடமும் காட்டினேன். ஊரில் விவசாயம் பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கொக்கு இப்படி நிக்காதே. விழுந்துடும்ல?" என்றார். மொபைலில் நாலு போட்டோவைப் பார்த்துக் கலந்து வரைந்ததில், கொக்குக்கு மனுஷன் கால் வந்திருந்தது!

அதற்குப் பிறகு நேரில் பார்த்து வரைந்து கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்கிறேன். 'எனக்கு டிராயிங் வராது'ன்னு ஒதுங்காதீங்க. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் மாடல். குளமோ வயலோ, தண்ணீர் ஓரமாகப் போனால் ஒரு மடையானைப் பார்க்கலாம். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வாங்க. மீனுக்காக ரொம்ப நேரம் அசையாமல் நிற்கும் என்பதால் நமக்கு வசதி. நிற்கும்போது பழுப்பு நிறம், கழுத்தில் கோடுகள். பறந்தால் பளிச்சென்று வெள்ளை இறக்கை. இரண்டும் ஒரே பறவை என்பதே வரைய உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து கால். பின்பக்கம் மடங்குகிற அந்த மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால். நிஜமான முழங்கால் உடம்பை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். அதாவது, கொக்கு எப்போதும் விரல்களில்தான் நிற்கிறது.

மூன்றாவது பேலன்ஸ். உடம்புக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு சின்ன வட்டம், இரண்டையும் சேர்க்க கழுத்துக்கு ஒரு வளைகோடு. எல்லாம் 2ஹெச் பென்சிலில், அழுத்தாமல். இப்போ ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்துங்க. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், அது பாதங்கள் இருக்கும் இடத்தில் விழணும். வெளியே விழுந்தால் கொக்கும் விழும். வாட்ச்மேன் அண்ணா சொன்னது இதைத்தான்.

கடைசியாக கலர். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பரின் வெள்ளைதான். அந்த இடத்தைத் தொடாமல் விட்டுட்டு, பின்னணிக்கு மட்டும் நிறம் கொடுங்க. இறக்கை தானாக வெளியே வரும். நிழலுக்குக் கருப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அழகான சாம்பல் கிடைக்கும். பேப்பர் 300 ஜிஎஸ்எம் வாங்குங்க, மெல்லிய பேப்பர் ஈரத்தில் சுருங்கிடும்.

வரைந்ததை ஷேர் பண்ணும்போது மூன்று விஷயம். படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் பார்த்த இடமும் எழுதுங்க. பின்னால் அது உங்கள் குறிப்பேடாகவே மாறிடும். அடுத்தவர் போட்டோவைப் பார்த்து வரைந்தால் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் போடுங்க. கூட்டைப் பார்த்து வரைந்தால் மட்டும் இடத்தைச் சொல்லாதீங்க. கூட்டம் போனால் பறவை கூட்டையே விட்டுட்டுப் போயிடலாம்.

என் பதினேழாவது மடையானைப் பார்த்த அண்ணா, "இப்போ நிக்குது" என்றார். அந்தப் பதினாறு ரிப்ளைகளை விட எனக்கு இது பெரிசு. இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போனைப் பையில் வைத்துவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலுமாகக் குளத்துப் பக்கம் வாங்க. முதல் கொக்கு விழட்டும், பரவாயில்லை.