செயலியின் பொழுதுக் கணக்கு

செயலி என்பது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும் பொறி. அதன் பொழுதைப் பல பணிகளுக்குப் பகிர்ந்தளித்து, எப்பணி எவ்வளவு பெற்றது என்று கணக்கெழுதுவது இயங்குதளம். செலவாகும் பொழுது மூவகைப்படும். நிரல்கள் தம் வேலைக்குக் கொள்வது பயனர்ப் பொழுது; இயங்குதளத்தின் நடுப்பகுதியாகிய கருவகம் கொள்வது கருவகப் பொழுது; வன்பொருள்கள் எழுப்பும் அழைப்புகளுக்கு விடையளிக்கச் செலவாவது குறுக்கீட்டுப் பொழுது. எஞ்சியது ஓய்வு. நிரல் எதனையும் திறவாத நிலையிலும் வீட்டுக் கணினி தளர்ந்து, செயலி ஓயாது உழைக்குமாயின், அவ்வுழைப்பு இம்மூன்றனுள் எவ்வகையைச் சார்ந்தது என்பதே முதல் வினா.

பயனர்ப் பொழுதாயின் தேடல் எளிது. கன்ட்ரோல், சிப்டு, எசுகேப்பு விசைகளை ஒருங்கே அழுத்தினால் பணி மேலாளர் தோன்றும். அதில் செயலிப் பங்கின் தலைப்பைச் சொடுக்கினால் மிகுதியாக உண்ணும் நிரல் மேலே வந்து நிற்கும். நச்சுநிரல் தடுப்பானின் முழு ஆய்வு, கோப்புகளுக்குத் தேடற்சுட்டி அமைத்தல், இயங்குதள மேம்பாடு ஆகியவை பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். ஓய்வுப் பணி என்னும் வரியில் 95 என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவோர் உளர். செயலி 95 விழுக்காடு வேலையின்றி இருக்கிறது என்பதே அதன் பொருள்.

எந்நிரலின் மீதும் ஏற்ற இயலாத சுமையே ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு உரியது. 2001-இல் வெளிவந்த விண்டோசு எக்சுபி இயங்கிய கணினிகளில் இது பலருக்கு நேர்ந்தது. பாட்டுக் கேட்டால் ஒலி விட்டுவிட்டு வரும்; கோப்பைப் படியெடுத்தால் சுட்டி திரையில் தத்தித் தத்தி நகரும்; பணி மேலாளரிலோ பழி சுமத்தத்தக்க நிரல் ஒன்றும் இராது.

இதன் காரணத்தை அறியத் தரவு செல்லும் வழியை நோக்க வேண்டும். வன்தட்டிலிருந்து நினைவகத்திற்குத் தரவு செல்ல இருவழிகள் உள்ளன. நேரடி நினைவக அணுகலில் செயலி கட்டளையை மட்டும் இட்டுவிட்டுப் பிற பணிக்குச் சென்றுவிடும். வன்தட்டின் கட்டுப்பாட்டகமே தரவை நினைவகத்தில் சேர்த்து, முடிந்தபின் ஒரு குறுக்கீட்டால் அறிவிக்கும். செயலிவழிக் கடத்தலிலோ செயலியே ஒரு முறைக்கு 16 துணுக்குகளாகத் தரவை அள்ளி வைக்க வேண்டும். எட்டுத் துணுக்குகள் சேர்ந்தது ஓர் எண்மி. 512 எண்மிகள் அடங்கிய ஒரு தட்டுக்கூற்றைக் கொணர 256 முறை அள்ள வேண்டும். 10,48,576 எண்மிகள் கொண்ட சிறு கோப்பொன்றுக்கு இது 5,24,288 முறை ஆகும். இவ்வுழைப்பின் பெரும்பகுதி குறுக்கீட்டுப் பொழுதில் நிகழ்வதால், எந்நிரலின் பெயரிலும் பற்று எழுதப்படுவதில்லை.

எக்சுபி நேரடி நினைவக அணுகலாகிய விரைவழியிலேயே தொடங்கும். ஆயினும் கடத்தலில் பிழையோ விடை தாழ்தலோ ஆறு முறைக்கு மேல் நேர்ந்தால், படிப்படியாக விரைவைக் குறைத்து இறுதியில் செயலிவழிக் கடத்தலுக்கு இறங்கிவிடும். தரவைக் காக்க அமைந்த அந்நெறி நன்னெறியே. பயனருக்கு ஒரு சொல்லும் அறிவியாமல் இறங்கியது பெருங்குறை என்பேன்.

மார்க் உருசினோவிச்சும் பிரைசு காகுசுவெல்லும் வளர்த்து, 2006-இல் மைக்ரோசாப்டின் கைக்குச் சென்ற சிசின்டர்னல்சு தொகுப்பில் பிராசசு எக்சுபுளோரர் என்னும் கருவி உண்டு. அது குறுக்கீட்டுக்கெனத் தனிவரி வைத்துக் காட்டியது. விண்டோசின் பிற்காலப் பதிப்புகளில் பணி மேலாளரே அவ்வரியைத் தருகிறது. ஓய்ந்த கணினியில் அது மிகச் சிறிய எண்ணாகவே இருக்கும். 20, 30 விழுக்காடு என நிலைத்து நிற்குமாயின் வன்பொருளையோ அதனை இயக்கும் நிரலாகிய இயக்கியையோ ஐயுறலாம்.

எக்சுபியில் வன்பொருள் மேலாளரைத் திறந்து, வன்தட்டின் இணைப்புத் தடத்தை நீக்கிவிட்டு மீளத் தொடங்கினால், இயங்குதளம் அத்தடத்தைப் புதிதாகக் கண்டறிந்து விரைவழிக்குத் திரும்பும். சின்னாளில் மீண்டும் இறங்கினால் 80 கம்பிகள் கொண்ட பட்டைவடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் இறங்கினால் வன்தட்டே நலிகிறது எனக் கொண்டு, கோப்புகளை உடனே வேறிடத்திற்குப் படியெடுத்துவிட வேண்டும். இன்றைய கணினிகளில் அப்பட்டைவடம் மறைந்துவிட்டது. எனினும் பழுதுற்ற யூஎசுபி கருவியும் பொருந்தாத பிணைய அட்டை இயக்கியும் அதே வரியிலேயே வெளிப்படுகின்றன. வெளிக்கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது அவ்வரியின் எண் வீழ்கிறது என்று நோக்கினால் பழுதுற்றது எதுவெனத் தெரிந்துவிடும். எதைக் கழற்றியும் வீழாவிடின், உள்ளிருக்கும் அட்டைகளின் இயக்கிகளை அவ்வாறே ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கலாம்.