முப்பதிலும் குறையாத விரைவு

1948ஆம் ஆண்டில் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றபோது, முப்பது வயதை எட்டிய இருவர் அங்கே ஓடினர். ஒருவர் ஒல்லாந்து நாட்டின் ஃபனி பிளாங்கர்ஸ் கூன். இரு குழந்தைகளின் தாய். அவருடைய காலம் கடந்துவிட்டது என்று கூறியோர் இருந்தனர். அவரோ நான்கு தங்கப் பதக்கங்களுடன் நாடு திரும்பினார். மற்றவர் இலங்கையின் டங்கன் வைற். அவர் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 செக்கன்களில் ஓடி முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1950இல் ஓக்லாந்தில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுக்களில் தடைதாண்டி ஓட்டத்திலே தங்கமும் வென்றார்.

இவ்வாறிருந்தும், விரைவோட்டம் இருபதுகளின் முற்பகுதிக்கே உரியது என்னும் எண்ணம் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. வெற்றியாளர் பட்டியல்களைப் புரட்டினால் அந்த எண்ணத்துக்குச் சான்றுகளும் ஏராளமாகக் கிடைக்கும். ஆயினும், அவ்வீரர்கள் ஏன் இளவயதிலேயே களத்தை விட்டு நீங்கினர் என்பதை அப்பட்டியல்கள் சொல்வதில்லை. 1936இல் பேர்லினில் நான்கு தங்கங்களை வென்ற ஜெசி ஓவன்ஸுக்கு அப்போது வயது 22. ஊதியம் பெறாதவரே போட்டியிடலாம் என்ற அக்கால விதி அவரைச் சில வாரங்களுக்குள் வெளியேற்றியது. 1964இல் தோக்கியோவில் 100 மீற்றரை வென்ற பொப் ஹேய்ஸ், பிழைப்புக்காக அமெரிக்கக் காற்பந்தாட்டத்துக்குச் சென்றார். முப்பதாம் வயதில் இவர்கள் எவ்வளவு விரைவாக ஓடியிருப்பர் என்பதை அறிய எவருக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை.

உடல் இதற்கு எவ்வளவு இடங்கொடுக்கும்? முழு விரைவில் ஓடும்போது பாதம் ஒவ்வோர் அடியிலும் நிலத்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்களவே. அக்கணப் பொழுதுக்குள், உடல் நிறையைப் போலப் பல மடங்கான விசையை நிலத்தின்மீது செலுத்த வேண்டும். விரைந்து சுருங்கும் தசையிழைகளே இதனைச் செய்வன. முதுமையில் இவை மெலிவது உண்மையே. ஆனால் பயிற்சியை விடாதவரிடத்து, முப்பதுகளில் நேரும் இழப்பு மிகச் சிறிது. மூத்த ஓட்டக்காரரை ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் காலடிகளின் வேகம் அதிகம் குறைவதில்லை. ஒவ்வோர் அடியின் நீளமே குறைகின்றது, பாதம் நிலத்தில் தங்கும் நேரமும் கூடுகின்றது. இவை பெரும்பாலும் வலிமைக் குறைவின் விளைவுகள். வலிமையோ பாரந்தூக்கும் பயிற்சியாலும் துள்ளற் பயிற்சியாலும் பேணத்தக்கது.

உண்மையில் மாறுவது, களைப்பிலிருந்து தேறும் ஆற்றலாகும். இருபது வயது இளைஞன் இன்று முழு வேகத்தில் ஓடி, நாளை மறுபடியும் ஓடலாம். முப்பத்துமூன்று வயதினர் அவ்வாறு செய்தால் பின்தொடைத் தசை கிழிந்து, பருவம் முழுவதையும் இழக்க நேரும். ஆகவே அறிவுள்ள பயிற்சியாளர் ஓட்டங்களின் தொகையைக் குறைக்கின்றனர். அவற்றின் கூர்மையைக் குறைப்பதில்லை. கடும் பயிற்சிகளுக்கிடையே இரண்டு மூன்று நாட்கள் இடைவெளி விடப்படுகின்றது. மெதுவான ஓட்டங்களையே மிகுதியாகக் கொடுத்து விரைவோட்டத்தை அறவே ஒதுக்கிவிடுவது, பாதுகாப்புப் போலத் தோன்றினும், மிகப் பெரிய தவறு. பயன்படுத்தப்படாத விரைவே முதலில் மறைகின்றது. இவற்றுடன், தொடக்கக் கட்டையிலிருந்து எழும் நுட்பமும், முகத்தையும் தோள்களையும் இறுக்காமல் ஓடும் தளர்வும் பல ஆண்டுப் பழக்கத்தாலேயே கைகூடுவன.

கரிபியன் கடலிலுள்ள சின்னஞ்சிறு நாடாகிய செயின்ற் கிற்ஸ் நெவிஸைச் சேர்ந்த கிம் கொலின்ஸ், 2003இல் பாரிஸில் 100 மீற்றர் உலக சம்பியன் ஆனார். 2009இல் ஓய்வை அறிவித்தார். அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2011இல் மீண்டு வந்து, 35 வயதில், தென் கொரியாவின் டேகுவில் உலக வெண்கலம் பெற்றார். 2013இல் 9.97, 2014இல் 9.96 என்று அவருடைய நேரம் குறைந்துகொண்டே வந்தது. 2016 மே 29ஆம் திகதி ஜேர்மனியின் பொட்ரொப் நகரில் 9.93 செக்கன்களில் ஓடினார். அப்போது அவருக்கு வயது 40. அந்த வயதில் 10 செக்கன்களுக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. அன்று பின்காற்று விதி அனுமதிக்கும் எல்லையை ஒட்டி வீசியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜமெய்க்காவின் ஷெலி ஆன் ஃபிறேசர் பிறைஸ் 2017இல் ஒரு மகனைப் பெற்றார். இரண்டாண்டுகளின் பின் தோஹாவில் உலக சம்பியன் ஆனார். தம் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரமாகிய 10.60 செக்கன்களை 2021இல், 34 வயதில், லோசான் நகரில் எட்டினார். மறு ஆண்டு 100 மீற்றரில் ஐந்தாம் முறையாக உலகப் பட்டம் வென்றார்.

இத்தகைய செய்திகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது. அமெரிக்கரான ஜஸ்ரின் கற்லின் 33 வயதில் 9.74 செக்கன்களில் ஓடினார்; ஆயின், ஊக்கமருந்து விதிகளை மீறியமைக்காக இருமுறை தடைக்குள்ளானவர் அவர். இந்த நஞ்சு இலங்கையின் பெருமையையும் தீண்டியது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பெற்ற வெண்கலம், முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்டபின் 2009இலேயே வெள்ளியாகியது.

அந்தச் சிட்னி ஓட்டத்தில் சுசந்திகாவின் நேரம் 22.28 செக்கன், வயது 24. ஏழாண்டுகள் கழித்து, 2007இல், 31 வயதில் அவர் ஒசாக்காவில் 22.63 செக்கன்களில் ஓடினார். வேகத்தில் ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்களவே குறைந்திருந்தது. உலக சம்பியன் போட்டியின் வெண்கலப் பதக்கத்துக்கு அது போதுமானதாயிற்று.