வீட்டைக் காக்கும் பியூஸ் கம்பி

விளக்கு அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறது. அப்படியானால் நம் வீட்டில் பியூஸ் போயிருக்கலாம்.

பியூஸ் கம்பி மெல்லியது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும். வீடு தப்பிக்கும்.

சிலர் கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். அது உருகாது. சுவரில் ஓடும் ஒயர்தான் சூடாகும். தீப்பிடிக்கும்.

எந்தக் கம்பி போடலாம்? விளக்குக்கும் மின்விசிறிக்கும் 5 ஆம்பியர் கம்பி போதும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனியாகத் தடித்த ஒயரும் 15 ஆம்பியர் கம்பியும் வேண்டும்.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு கம்பியை மாற்றுங்கள். மறுபடியும் அறுந்தால் எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

தெரு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால் தொடாதீர்கள். மின்துறை ஊழியர்தான் அதை மாற்ற வேண்டும்.