பாலைவனத்து வன்னியும் பச்சை மலைத் தண்ணீரும்

மஸ்கட்டில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தாயிற்று. பேத்தியைக் கொஞ்சிய நேரம் போக மற்றதெல்லாம் ஏசி அறைக்குள்தான். ஊர் திரும்ப நாலு நாள் இருக்கையில், "தம்பி, எனக்கு மால் எல்லாம் போதும்ப்பா. இந்த ஊர்ல வெள்ளாமை பண்றவனைக் காட்டு" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

முதலில் பாலைவனம். மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போனால் பித்யா. அங்கே டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஷர்கியா மணலுக்குள் இறங்கினோம். வீட்டம்மா மணல் மேடுகளைப் படம் பிடித்தார். என் கண்ணில் பட்டது ஒரு மரம். 'காஃப்' என்கிறார்கள். கிட்டப் போய் இலையைக் கிள்ளிப் பார்த்தால், அட, நம்ம வன்னி! சிவன் கோயிலில் சுற்றி வந்து கும்பிடுகிற அதே மரம், இங்கே ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீவனமாக நிற்கிறது. மணலுக்குள் வெகு ஆழம் வேர்விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ளும்.

மறுநாள் நிஸ்வா. நான் பார்க்க வேண்டியது அங்கேதான் இருந்தது.

மஸ்கட்டின் ஆண்டு மழை சுமார் 100 மி.மீ. நம் துறையூர்ப் பக்கம் அதைப்போல ஏழெட்டு மடங்கு பெய்யும். ஆனால் நிஸ்வாவில் பேரீச்சந்தோப்புக்கு நடுவே வாய்க்கால் சலசலவென்று ஓடுகிறது. மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை. 'ஃபலஜ்' என்று பெயர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கிற இடத்தில் தாய்க்கிணறு வெட்டி, அங்கிருந்து லேசான சரிவில் நிலத்துக்கடியிலேயே சுரங்கம் குடைந்து ஊர்வரை கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டல் அள்ள இடையிடையே ஆள் இறங்கும் குழிகள். ஓமானில் இப்படிச் சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்னும் ஓடுகின்றன. அதில் ஐந்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாங்கள் நின்ற தாரிஸ் ஃபலஜ் அதில் ஒன்று.

பங்கீடுதான் என்னை அசத்தியது. ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிக்க எடுப்பார்கள், அடுத்து குளிக்க, துவைக்க, பிறகு பேரீச்சை, கடைசியில்தான் பருவப் பயிர். தண்ணீர் குறைந்தால் பருவப் பயிர் நிலத்தைக் காயவிட்டு மரத்தைக் காப்பாற்றுகிறார்கள். தண்ணீரை லிட்டரில் அளப்பதில்லை, நேரத்தில் அளக்கிறார்கள். 'அதர்' என்பது சுமார் அரை மணி நேரம். முன்பு பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றுவார்களாம். சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் பராமரிப்பு நடக்கிறது. பேங்க் ஆளாச்சே, இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

தோப்பில் ஒரு பெரியவர் இந்தி பேசினார். "ஆளாளுக்கு போர் போட்டுக்க மாட்டீங்களா?" என்று மகன் மூலம் கேட்டேன். "தாய்க்கிணறு பக்கத்துல யாரும் தோண்டக் கூடாது. ஒருத்தன் தோண்டினா ஊருக்கே போச்சு" என்றார். கடலோர பாத்தினாவில் பம்பு வைத்து உறிஞ்சியதில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிய தோட்டங்களைப் பற்றியும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஜபல் அக்தர், அதாவது பச்சை மலை. நாலு சக்கர இழுவை வண்டி இல்லாவிட்டால் கீழேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். 2,000 மீட்டர் உயரத்தில் படிப்படியாக வயல். மாதுளை, வால்நட், ரோஜா. ஏப்ரல் மாதம் என்பதால் ரோஜா பறித்துப் பன்னீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பச்சை என்று சொல்ல மாட்டேன். காய்ந்து கிடந்த படிவயல்களும் கண்ணில் பட்டன. மழை குறைந்தது ஒரு பக்கம், பிள்ளைகள் நகரத்து வேலைக்குப் போனது இன்னொரு பக்கம். தோட்டங்களில் பாடுபடுவதும் பெரும்பாலும் வங்கதேசத்துத் தொழிலாளர்கள்தான்.

இறங்கும்போது நான் அதிகம் பேசவில்லை. வேலையில் இருந்த காலத்தில் எத்தனை போர்வெல் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! பக்கத்துக் கிணறு என்னாகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் தோட்டத்திலேயே 600 அடியில் ஒரு போர் புழுதி கக்கிவிட்டது. அடுத்ததற்கு போர் வண்டிக்காரரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

ஊர் வந்ததும் போன் செய்து வண்டி வேண்டாம் என்றேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று வருடமாக, "மேனேஜர் சார், ஏரி வரத்து வாய்க்காலைத் தூர் வாரணும், நீங்க முன்னால வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இருவரும் கிராம வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு நடந்தோம். மூன்று இடத்தில் ஆக்கிரமிப்பு. ஓரிடத்தில் டேப்பைப் பிடித்தபடி அவர் பேசாமல் நின்றார். நானே குனிந்து பார்த்தேன். என் வரப்பு நாலடி உள்ளே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வருகிறது. முதலில் என் வரப்பைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.