பச்சை குத்திய பின்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் பணிபுரியும் என் தம்பி மகன், தாயின் பெயரை முன்கையில் பச்சை குத்திக்கொண்டான். வீட்டார் கோபிப்பார்களென்று அஞ்சி மறைத்தே வைத்திருந்தான். ஐந்தாம் நாள் அரிப்புத் தாளாமல், "பெரியப்பா, சொறிந்துவிட்டேன், என்ன செய்வது?" என்று வந்து நின்றான்.

என் பாட்டி கையிலும் பச்சைக் கோலம் உண்டு. வலி மறக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்தினாளாம். ஆனால் ஊசி நின்றதும் பாட்டும் நின்றுவிடும்; பிறகு வேண்டுவது பொறுமை.

நேயர்களே, ஊசி மேல்தோலைக் கடந்து அடித்தோலில் மையை வைக்கிறது. ஆகவே புதுப் பச்சை ஒரு புண்ணே. முதலில் சிவப்பும் எரிச்சலும், பின்பு பொருக்கும் அரிப்பும் தோன்றும். மேல்தோல் ஆற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பொருக்கைப் பிய்த்தால் மை போகும், கிருமி புகும்.

கையைக் கழுவிய பின்னரே புண்ணைத் தொடவேண்டும். மென்மையான சோப்பாலும் தூய நீராலும் கழுவி, ஒற்றியெடுத்து, மணமற்ற களிம்பை மெல்லிதாகப் பூசலாம். அரித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வைக்கலாம். பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசினாள். அடுக்களை மஞ்சளிலும் கிருமி இருக்கக்கூடும். ஆலைத் தூசு படாமல் சுத்தமான பருத்திச் சட்டை மறைக்கட்டும். பழவேற்காட்டு ஏரிக் குளியல் ஆறும்வரை வேண்டாம். சிவப்புப் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் செல்க.

மூன்றாம் வாரம் பொருக்கு உதிர்ந்தது. தாய் கோபிக்கவில்லை, தன் பெயரைத் தடவிப் படித்தாள். ஓரெழுத்து மட்டும் மங்கல். அது அவன் சொறிந்த இடம்.